கடையில் வாங்கும் புராஜெக்ட்

ஐயா,

சாலை போடும்போது சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினால், உருகி மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். தார் அதை இறுகப் பற்றும். இந்தச் சாலை முறை பிறந்தது மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில். இதை உருவாக்கிய பேராசிரியர் வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் வேதியியல்காரர் என்பது கூடுதல் அழகு.

கல்லூரி ஆய்வு என்றால் இப்படி இருக்கவேண்டும். ஆனால், என் மகள் வேறொரு கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். அவள் வகுப்பில் பலர் புராஜெக்டையே கடையில் வாங்குகிறார்கள். அட்டைப்பெட்டியில் சர்க்யூட் போர்டு. கூடவே தங்க எழுத்துப் பொறித்த அறிக்கை! ஓர் ஒயரைக் கழற்றி, ‘இது எதற்கு?’ என்று கேட்டாலே குட்டு உடைந்துவிடும். தேர்வாளர்கள் கேட்பதுதான் இல்லை. வைகையில் கலக்கும் சாக்கடையோ மாணவர்களின் ஆய்வுக்குக் காத்திருக்கிறது. தேர்வாளர் முன்னிலையில் மாணவரே கருவியைப் பிரித்து மாட்டிக் காட்டவேண்டும் என்று பல்கலைக்கழகம் விதி வகுக்கட்டும்.

– ஒரு தாய், திருநகர், மதுரை