தரகரின் பதிவு எண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரகுக் கூலி கொடுக்காமலே வீடு வாங்கலாம் என்று கைப்பேசிச் செயலிகள் செய்யும் விளம்பரம் பாதி உண்மை என்பதை, மதுரையில் இருபத்தாறு ஆண்டுகளாக வீட்டுமனைத் தரகராக இருக்கும் நான் ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் இக்கடிதம்.

நான் தொழிலுக்கு வந்தபோது என் முதலீடு ஒரு சைக்கிளும் ஒரு நோட்டும்தான். எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு வருகிறது, சொந்தக்காரர் கடைசியாக எந்தத் தொகைக்கு இறங்கி வருவார் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்தன. அதைப் பிறர் கண்ணில் படாமல் வைத்திருந்ததற்குத்தான் எங்களுக்குக் கூலி கிடைத்தது என்றாலும் தவறில்லை. வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவாகியிருக்கும் விற்பனை, அடமான விவரம் பார்க்க வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். 2018இல் பத்திரப்பதிவு மாநிலம் முழுவதும் இணையவழிக்கு மாறியது. இன்று வில்லங்க விவரம், அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பட்டா, நில அளவைக் காட்டும் புலப்படம் என எல்லாவற்றையும் வாங்குபவரே வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சர்வே எண்ணின் உட்பிரிவு உட்பட எனக்குச் சொல்கிறார். இது நல்ல மாற்றம்.

ஆனால் பதிவானது மட்டுமே திரையில் தெரியும். சென்ற ஆண்டு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டை இணையத்தில் கண்டுபிடித்து, உரிமையாளர்களிடம் நேரிலேயே விலையும் பேசிவிட்ட இளம் தம்பதியர், ஒப்பந்தம் எழுதும் நேரத்தில் மட்டும் என்னை அழைத்தார்கள். முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. பட்டா மூன்று சகோதரர்களின் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிலும் அதே மூன்று பெயர்கள். ஐந்து லட்ச ரூபாய் முன்பணத்துக்குக் காசோலைகூட எழுதி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு மாடிக்கு முன்பு இரண்டு முறை வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் என்பதால், இறந்துபோன பெரியவருக்கு முதல் மனைவி வழியில் தேனியில் ஒரு மகள் இருப்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாளைத் தேடிப் போய்ப் பேசி, அவருடைய பங்குக்கான தொகையை முடிவு செய்து, அவரும் கையெழுத்திட்ட பிறகே கிரயம் நடந்தது. நான்கு மாதம் தாமதம். வீட்டை நாங்களே கண்டுபிடித்திருக்கும்போது உங்களுக்கு எதற்கு முழுக் கமிஷன் என்று அந்தத் தம்பதியர் கேட்டது நியாயமாகவே பட்டதால், அரை சதவீதத்தில் முடித்துக்கொண்டோம்.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே மனையின் படம் பத்துக் கைப்பேசிகள் வழியாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது; ஒவ்வொரு கை மாறும்போதும் விலை கொஞ்சம் ஏறுகிறது. 'டைரக்ட் ஓனர்' என்று போட்டிருக்கும் எண்ணை அழைத்தால் எடுப்பவர் தரகராக இருக்கிறார். விற்றுப்போன வீட்டை ஆள் பிடிப்பதற்காகவே மாதக்கணக்கில் விளம்பரத்தில் விட்டு வைக்கிறார்கள். இருபதடிச் சாலை என்று காணொளியில் சொல்லப்பட்ட ஒரு தெருவை நான் டேப் பிடித்து அளந்தபோது, எதிர்வீட்டுப் படிக்கட்டு போகப் பதினான்கடிதான் இருந்தது. முன்பு இப்படிப் பொய் சொன்னவரை மறுநாள் அதே டீக்கடையில் பிடித்துவிடலாம். இப்போது அவர் எண்ணை மாற்றிவிட்டால் போதும்.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9ஆவது பிரிவு முகவர்கள், அதாவது எங்களைப் போன்ற தரகர்கள், பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. தாம் முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அது மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் கட்டுநர் விற்பவற்றுக்கு மட்டுமே பொருந்தும். ஒருவர் குடியிருந்த பழைய வீட்டையோ தனியாகக் கிடக்கும் ஐந்து சென்ட் மனையையோ விற்றுத் தருபவருக்கு எந்தப் பதிவும் தேவையில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுப் பழைய வீடு வாங்குகிறவர்கள் எல்லோரும் இப்படிச் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

எனவே மறுவிற்பனைத் தரகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர அரசு விதி செய்ய வேண்டும் என்றும், விளம்பரம் தருபவர் உரிமையாளரா தரகரா என்பதைச் சரிபார்த்து, தரகராயின் பதிவு எண்ணோடு மட்டுமே வெளியிடும் பொறுப்பைச் செயலி நிறுவனங்கள் மீது சுமத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தொழில் செய்யும் சிறு தரகரும் தாங்கக்கூடிய கட்டணமும், அவர் பிறர் உதவியின்றி நிரப்பக்கூடிய எளிய தமிழ்ப் படிவமும் இல்லாவிட்டால் இது பெரிய நிறுவனங்களுக்கே லாபமாக முடியும். என் சக தொழிலாளர்களில் சிலர் இதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் போகலாம்.

மனைப்பிரிவுகளும் விற்றுத் தருவதால் நான் பதிவு பெற்றிருக்கிறேன். அந்த எண்ணை 2019 முதல் என் விசிட்டிங் கார்டில் அச்சிட்டு வருகிறேன். இதுவரை அதைப் பார்த்து விசாரித்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர், அது என்னுடைய இன்னொரு கைப்பேசி எண்ணா என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வீட்டுமனைத் தரகர்,
திருநகர், மதுரை.