வண்டி தானாக ரேஸ் ஆவது பற்றி, சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நாமக்கல்லில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறோம். மற்றபடி எல்லோரும் சுகம்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி தானாக ரேஸ் ஆகிறது, மெக்கானிக் ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்கு மாற்றாதே. உன் வண்டி 2002 மாடல் பெட்ரோல். அதில் த்ராட்டிலை, அதாவது இன்ஜினுக்குக் காற்று போகிற வாயை, திறப்பது மோட்டார் இல்லை, ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து போகிற கேபிள். ஈ.சி.யூ. நினைத்தாலும் அந்த வாயைத் திறந்து மூடுகிற பட்டர்ஃபிளை தகட்டை அசைக்க அதற்குக் கை கிடையாது. அதன் வசம் இருப்பது ஐடில் (கால் வைக்காதபோது இன்ஜின் ஓடுகிற நிலை) வால்வு ஒன்றுதான். பட்டர்ஃபிளை மூடியிருக்கும்போது பக்கத்து வழியாகக் கொஞ்சம் காற்று விடுகிற சின்ன வால்வு அது. முழுசாகத் திறந்து நின்றுவிட்டால் நியூட்ரலில் இன்ஜினை நிமிடத்துக்கு 2,000, 2,500 சுற்று வரை ஏற்றும். முதல் கியரில் அது ஏறக்குறைய சைக்கிள் வேகம். பயமுறுத்தப் போதும், ஆனால் வண்டியை முழு பவரில் இழுத்துக்கொண்டு போக அந்தக் காற்று பற்றாது. அதனால் ‘தானாக ரேஸ் ஆகிறது’ என்று யார் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு ஏறியது என்பதைத்தான்.

நீ எழுதிய மூன்று சம்பவங்களும் ஒரே கோளாறு இல்லை. சிக்னலில் ஏசி ஓடும்போது 1,800-இல் நின்று இறங்காமல் கத்துவது ஒன்று. ஏற்காடு மலைப்பாதையில் லாரியை முந்திவிட்டு காலை எடுத்த பிறகும் வண்டி இழுத்துக்கொண்டே போனது இன்னொன்று. உன் மாமனார் ரிவர்ஸ் எடுக்கும்போது ‘பிரேக் பிடிக்கவே இல்லை, வண்டி பாய்ந்துவிட்டது’ என்று சுவரில் இடித்தது மூன்றாவது.

ஏற்காடு விவகாரம்தான் ஆபத்தானது. அதை முதலில் பார். இன்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திற. உள்ளே ஒருவர் பெடலை அடிமட்டம் வரை மெதுவாக மிதித்து, சட்டென்று விடாமல் மெதுவாகவே காலை எடுக்கட்டும். நீ த்ராட்டில் பாடி (பட்டர்ஃபிளை உட்கார்ந்திருக்கிற உலோகக் கூடு) பக்கம் நின்று, கேபிள் மாட்டியிருக்கும், பட்டர்ஃபிளையைச் சுற்றுகிற அரைவட்டத் தகட்டைப் பார். கால் வருகிற வேகத்துக்கு அதுவும் வந்து, கடைசியில் அதைத் தடுத்து நிறுத்துகிற ஸ்டாப் ஸ்க்ரூவில் ‘டக்’ என்று உட்கார வேண்டும். பெடலைச் சட்டென்று விட்டுச் சோதிக்கிற பழக்கம்தான் எல்லோருக்கும். அப்போது ஸ்பிரிங் வேகத்தில் சிக்கல் இருந்தாலும் தாண்டிவிடும். மெதுவாக விட்டால்தான் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று தெரியும்.

பிடித்தால் கேபிளைத் தகட்டிலிருந்து கழற்றிவிட்டு, தகட்டைக் கையால் சுற்றிப் பார். தகடே இறுகினால் கோளாறு த்ராட்டில் பாடியில். தகடு லேசாக ஓடினால் கேபிளில். இந்த ஒரு பிரிப்பு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேபிள் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள் கேபினுக்கும் நடுவே இருக்கிற தடுப்புத் தகடு) ஓட்டையைத் தாண்டி வளைகிற இடம், தகட்டில் மாட்டுகிற முனை. உள் ஒயர் பல மெல்லிய இழைகளை முறுக்கியது. வளைவில் ஒரே ஒரு இழை அறுந்தால் போதும், அது சுருண்டு நின்று, பெடல் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குப் போனால் மட்டும் அவுட்டருக்குள் (வெளி உறைக்குள்) மாட்டிக்கொள்ளும். ஊருக்குள் பாதி பெடலுக்கு மேல் யாரும் மிதிப்பதில்லை, அதனால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. முந்துவதற்கு முழுசாக மிதித்த அன்று வெளியே வரும். பழைய காட்டன் துணியை ஒயரின் வெளியே தெரிகிற பகுதியில் சுற்றி இழுத்துப் பார். பிசிறு இருந்தால் துணியில் நூல் மாட்டும். விரலால் தடவாதே, ஏறிவிடும். பிசிறு கண்டால் எண்ணெய் விட்டு ஒப்பேற்றுகிற வேலையே வேண்டாம், கேபிளையே மாற்று. பல கேபிள்களில் உள்ளே நைலான் குழாய் இருக்கும். அதற்குள் கிரீஸ் அடித்தால் தூசியைச் சேர்த்து மாவாக்கி இன்னும் இறுக்கும். புதுசைப் பூட்டும்போது பழையது போன வழியிலேயே கொண்டுபோகச் சொல். பாட்டரி, கேஸ் கிட் என்று எதையாவது பொருத்தியவர்கள் கேபிளை ஓரமாகத் தள்ளி இறுக்கமான வளைவில் விட்டிருந்தால், புது கேபிளுக்கும் அதே கதிதான்.

தகடு இறுகினால் காரணம் கார்பன். இன்ஜின் மூச்சுக்குழாய் வழியாக வருகிற எண்ணெய்ப் புகை, பட்டர்ஃபிளையின் விளிம்பில் கருப்புப் பசையாகப் படிந்து துளையின் சுவரோடு ஒட்டும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஆறிய பிறகு, த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்து விளிம்பையும் சுவரையும் துடைக்கச் சொல். டப்பாவை நேராக பட்டர்ஃபிளையின் ஷாஃப்ட் மேல் பீய்ச்ச வேண்டாம். அது பக்கத்தில் இருக்கிற, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஈ.சி.யூ.வுக்குச் சொல்கிற த்ராட்டில் சென்சாருக்குள் இறங்கும். ரிட்டர்ன் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

இன்ஜினை வண்டியோடு தாங்கிப் பிடிக்கிற ரப்பர் மவுண்டிங்கையும் மறக்காதே. இதை யாரும் யோசிப்பதில்லை, நம் ஊர் மெக்கானிக்குகளும்தான். ரப்பர் கிழிந்த மவுண்டிங்கில் இன்ஜின் கியர் பாரத்துக்குச் சாயும். கேபிள் வண்டியின் பாடியில் கட்டியிருக்கிறது, த்ராட்டில் இன்ஜினோடு நகர்கிறது; சாய்கிற திசையைப் பொறுத்து கேபிள் தானாக இழுபடும். த்ராட்டில் திறந்தால் இன்ஜின் இன்னும் சாயும், சாய்ந்தால் இன்னும் திறக்கும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1971-இல் ஏறக்குறைய 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்: மவுண்டிங் உடைந்தால் இன்ஜின் எழும்பி ஆக்சிலரேட்டரைத் திறந்த நிலையில் இறுக்கிவிடும். மவுண்டிங்கை மாற்றவில்லை, இன்ஜின் எழும்பாதபடி ஒரு இரும்புக் கயிறு கட்டிக் கொடுத்தார்கள்! உன் வண்டியில் சோதிப்பது எளிது. ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை நன்றாக மிதித்தபடி, முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டு, பிறகு ரிவர்ஸிலும் அப்படியே. ஒருவர் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பார்க்கட்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் துள்ளி எழுந்தால் மவுண்டிங் போச்சு.

சிக்னலில் கத்துவது வேறு கதை. இங்கே உன் மெக்கானிக் ஏற்கெனவே ஒரு காரியம் செய்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன்: ஐடிலிங்கைக் குறைக்க ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்பியிருப்பார். அது கம்பெனியில் வைத்து சீல் செய்த ஸ்க்ரூ. அதைத் திருப்பினால் பட்டர்ஃபிளை மூடுகிற இடம் மாறும். ‘கால் எடுத்தாயிற்று’ என்று த்ராட்டில் சென்சார் சொல்லவேண்டிய வோல்டேஜும் மாறும். பிறகு ஈ.சி.யூ. ஐடிலைக் கையில் எடுக்கவே எடுக்காது. அந்த ஸ்க்ரூவின் மேல் பெயிண்ட் குறி கலைந்திருக்கிறதா பார்.

இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஏசியும் லைட்டும் அணைத்த நிலையில், இந்த மாதிரி வண்டி 800 சுற்று அளவில் நிற்க வேண்டும். ஏசி போட்டால் 900, 1,000. அதற்கு மேல் நின்றால் கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது, இல்லையென்றால் ஈ.சி.யூ. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்புகிறது.

காற்றுக்கு: இன்டேக் (காற்று உள்ளே போகிற) பக்கத்து ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் விரலால் வளைத்துப் பார், இருபது வயது ரப்பர் வெடித்திருக்கும். நீ தென்னந்தோப்பு ஓரம் நிறுத்துகிறவன். எலி கடித்த ஹோஸ் இருந்தாலும் ஆச்சரியமில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டால், இன்ஜின் ஓடும்போது சோப்புத் தண்ணீரை மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புகிற குழாய்) பேக்கிங் ஓரமாக, ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் தெளி. சத்தம் மாறுகிற இடம்தான் ஓட்டை. பிறகு பிரேக் மிதியை இலகுவாக்குகிற பூஸ்டருக்குப் போகிற தடித்த ஹோஸை இடுக்கியால் துணி வைத்து அமுக்கு. ஐடில் டக்கென்று இறங்கினால் பூஸ்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அப்படியானால் பிரேக் வேலையும் சேர்த்துச் செய்ய வேண்டும், தள்ளிப்போடாதே. இவை எதுவும் இல்லையென்றால் ஐடில் வால்வுக்குக் காற்று போகிற வழியை அடைத்துப் பார். அடைத்ததும் இறங்கினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் கார்பன்தான், கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகும். சுத்தம் செய்த பிறகு பாட்டரி நெகட்டிவைச் சில நிமிடம் கழற்றிவிட்டு மாட்டச் சொல், ஈ.சி.யூ. பழைய கணக்கை மறக்கட்டும்.

இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று ஈ.சி.யூ. நம்புகிறதா என்பதற்கு: இன்ஜின் சூட்டை அளக்கிற கூலன்ட் சென்சாரின் இரண்டு பின்னுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார். ஜப்பானிய வகை சென்சார்களில் பொதுவாக 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் சுமார், 80 டிகிரியில் 300 ஓம் சுமார். சூடான இன்ஜினிலும் கிலோ ஓமில் நின்றால் சென்சாரை மாற்று, விலையும் குறைவு.

மாமனார் விஷயத்தை நீ பக்குவமாகக் கையாளவேண்டும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் தனித்தனி ஏற்பாடு. இரண்டும் ஒரே நொடியில் கெட்டு, அடுத்த நிமிடம் தாமாகவே சரியாவது என்பது நடக்கிற காரியமில்லை. இடித்த பிறகு பிரேக் வழக்கம்போலப் பிடித்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். கால் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரில் இருந்திருக்கிறது. ‘பிடிக்கவில்லை’ என்று இன்னும் அழுத்த அழுத்த வண்டி இன்னும் பாயும். இதை அவரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. 1980-களில் ஆடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று அமெரிக்காவில் பெரிய ரகளையே நடந்தது. 1989-இல் அரசு ஆய்வு சொன்ன முடிவும் இதேதான், ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு: சில வண்டிகளில் ஐடில் வால்வு கோளாறால் இன்ஜின் திடீரென்று கொஞ்சம் எகிறியிருக்கிறது, அந்தத் திடுக்கிடலில் கால் தவறியிருக்கிறது. உன் வண்டியும் 1,800-இல் கத்திக்கொண்டிருந்த வண்டிதானே? ரிவர்ஸில் கிளட்சை விட்டதும் அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்ந்திருக்கும். அதனால் அவரிடம் ‘வண்டியிலும் கோளாறு இருந்தது’ என்று சொன்னால் அது பொய்யில்லை.

காலடியையும் பார். கார்ப்பெட்டுக்கு மேல் ரப்பர் மேட், அதற்கு மேல் நூடுல்ஸ் மேட் என்று அடுக்கியிருந்தால் ஒன்றைத் தவிர மற்றதை எடுத்துவிடு. 2009-இல் கலிஃபோர்னியாவில் ஒரு லெக்சஸில் நான்கு பேர் இறந்தது, வேறு மாடலின் ரப்பர் மேட் பெடலைப் பிடித்துக்கொண்டதால். டொயோட்டா பத்து லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மேட்டைக் கொக்கியில் மாட்டி, பெடலை முழுசாக மிதித்தால் விளிம்பு தொடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை சீட்டுக்கு அடியில் போடுவதையும் நிறுத்து. உருண்டு பிரேக் பெடலுக்குக் கீழே போனால் மிதிக்கவே முடியாது.

மகளுக்கு இதைச் சொல்லிக்கொடு, சொன்னால் போதாது, ஒரு காலி மைதானத்தில் செய்ய வை. ஓடும்போது ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் முதலில் கிளட்ச். அதோடு பிரேக்கை ஒரே மிதி, அழுத்தி, விடாமல். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது: த்ராட்டில் முழுசாகத் திறந்திருக்கும்போது மேனிஃபோல்டில் பூஸ்டரை இயக்குகிற வாக்குவம் (காற்று உறிஞ்சல்) இராது, பூஸ்டரில் மிச்சமிருப்பது ஓரிரு மிதிக்குத்தான். அதன் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். கிளட்ச் மிதித்ததும் இன்ஜின் அலறும், அலறட்டும், அதைப் பார்த்துக் கிளட்சை விட்டுவிடக் கூடாது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வண்டி ஓரமாக நின்ற பிறகு சாவியை அணைக்கலாம். ஓடும்போதே அணைக்க நேர்ந்தால் சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்ப வேண்டும். உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பெடலைக் குனிந்து கையால் தூக்குகிற வேலை அறவே கூடாது.

தம்பியின் டீசல் வேன் நீலப் புகை விடுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அவனிடம் இன்றே சொல்: இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவின் சீல் கசிந்து இன்ஜின் ஆயிலே எரிபொருளாக உள்ளே போக ஆரம்பித்தால், சாவியை அணைத்தாலும் அந்த இன்ஜின் நிற்காது. அந்த நேரத்தில் நியூட்ரலில் விட்டால் சுற்று ஏறிக்கொண்டே போய் உடையும். வண்டியை நிறுத்தி, பிரேக்கை இறுக மிதித்து, டாப் கியரில் போட்டு கிளட்சை விட்டுத் திணறடித்து அணைக்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஆளை இறக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடட்டும், காற்றுக் குழாயைக் கையால் பொத்தப் போகக் கூடாது. ஆயில் அளவு குச்சியில் மேல் குறிக்கு மேலே நின்றாலும் இதே ஆபத்து உண்டு. அதை இன்றைக்கே பார்க்கச் சொல்.

கேபிளைக் கழற்றியதும் எந்தப் பக்கம் இறுகியது என்று எழுது. மாமனாரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு