நியூனம் விடுதியின் வெண்கலக் கதவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நீ மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதியாயிற்று. கேம்பிரிட்ஜில் பார்த்தவற்றை எழுதச் சொல்லியிருந்தாய். நியூனம் கல்லூரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அது கல்லூரியாகத் தொடங்கியதே இல்லை, தங்கும் வீடாகத்தான் தொடங்கியது. 1870இல் அந்நகரில் பெண்களுக்கென்று தனி விரிவுரைகள் ஏற்பாடாயின. ஆனால் வெளியூர்ப் பெண்கள் வந்தால் எங்கே தங்குவார்கள்? அங்கே தத்துவம் கற்பித்த ஹென்றி சிட்ஜ்விக் 1871இல் ரீஜென்ட் தெருவில் ஒரு வீட்டைத் தம் பொறுப்பில் வாடகைக்கு எடுத்து, பெண் கல்விக்காக உழைத்துவந்த ஆன் கிளஃப் அம்மையாரிடம் ஒப்படைத்தார். முதலில் வந்து சேர்ந்தவர்கள் ஐந்தே பேர். இடம் போதாமல் இரண்டு முறை வீடு மாறிய பிறகு, 1875இல் நியூனம் ஹால் என்ற சொந்தக் கட்டடம் எழுந்தது.

செங்கல் சுவர்களும் வெள்ளைச் சட்டமிட்ட சன்னல்களும் கொண்ட அக்கட்டடங்களை நீண்ட நடைகூடம் ஒன்று இணைக்கிறது. அதில் நடந்தபோது, ஒவ்வொரு மாணவிக்கும் தனி அறை கொடுக்கப்பட்டது என்பதையே நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். வகுப்புக்குப் போவதற்குக்கூடத் துணைக்கு ஒரு பெண்மணி வர வேண்டியிருந்த காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் அறையும், இரவில் தோழியரை அழைத்துக் கொக்கோ காய்ச்சிப் பேச ஓர் இடமும் கிடைத்தது எவ்வளவு பெரிய காரியம்! மூன்று பேர் ஒரே மேசையைப் பங்கிட்டுக்கொண்டு படித்த நமக்கு அது நன்றாகவே புரியும்.

1881 முதல் அந்த மாணவிகள் பல்கலைக்கழகத் தேர்வை முறைப்படி எழுதலாம் என்றானது. பட்டம் மட்டும் கிடையாது. 1890இல் அங்கே தங்கிப் படித்த பிலிப்பா ஃபாசெட், கணிதத் தேர்வில் ஆண்களில் முதலிடம் பெற்றவரைவிட அதிக மதிப்பெண் பெற்றார். அவருக்கும் பட்டம் தரவில்லை. 1897இல் பட்டம் வழங்கலாமா என்று வாக்கெடுத்தபோது 661 பேர் ஆதரித்தார்கள், 1707 பேர் எதிர்த்தார்கள்.

நான் வெகுநேரம் நின்றது கிளஃப் அம்மையாரின் நினைவாக அமைத்த வெண்கலக் கதவின் முன்தான். 1921 அக்டோபரில், பெண்களுக்கு முழு உரிமை இல்லை, பெயரளவுப் பட்டம் மட்டும் உண்டு என்று முடிவான இரவில், ஆண் மாணவர்கள் ஒரு கைவண்டியைக் கொண்டுவந்து மோதி அதன் கீழ்ப்பகுதியைச் சிதைத்தார்கள். பின்னர் அதைச் செப்பனிட்டிருக்கிறார்கள். அந்த நுண்ணிய வேலைப்பாட்டைத் தொட்டுப் பார்த்தபோது, உள்ளேயிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட பெண்கள் மறுநாள் காலையில் எந்த முகத்தோடு விரிவுரைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து என் கண் கலங்கியது. ஆண்களுக்கு நிகரான பட்டம் 1948இல்தான் வந்தது. ஐவர் குடியேறி அதற்குள் 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் விடுதியின் கதையை இதுவரை யாரும் எழுதவில்லை. நம் காப்பாளர் அம்மாவைப் பற்றியும், இரவு பத்து மணிக்கு விளக்கணைத்த பிறகு நாம் மாடிப்படியில் உட்கார்ந்து படித்ததைப் பற்றியும் உனக்கு நினைவிருப்பதையெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுது. என்னிடம் இருப்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி