தொலைநோக்கியை வெட்டினால் காதலும் போய்விடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விக்டோரியா கால ஆங்கில நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாமஸ் ஹார்டியின் 'டூ ஆன் எ டவர்' தமிழில் சுருக்கமாக வர வேண்டும் என்று கட்டுரையாளர் ஆசைப்படுகிறார். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் வானியல் பகுதிகளை எடுத்துவிட்டால் காதல் கதை தடையில்லாமல் ஓடும் என்கிறாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த நாவலில் கதையை நகர்த்துவதே வானியல்தான்.

லென்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் ஸ்விதின் இருபதை ஒட்டிய வயதுடைய ஏழை இளைஞன். சீமாட்டி கான்ஸ்டன்டைனின் நிலத்தில் நிற்கும் பழைய தூணின் உச்சிதான் அவனுடைய வானாய்வகம். ஆறு வாரம் உழைத்துக் கெட்டி அட்டையில் குழாய் செய்கிறான். எட்டு அங்குல லென்ஸ் வாங்கப் பன்னிரண்டு பவுண்டு பணம் குறைகிறது. பாட்டியிடம் கடன் வாங்குகிறான். வாங்கிவந்த லென்ஸ் கீழே விழுந்து நொறுங்குகிறது. அது ஏன் பேரிழப்பு என்று தமிழ் வாசகருக்குப் புரிய வேண்டும். நல்ல தொலைநோக்கியின் முன்லென்ஸ் ஒற்றைக் கண்ணாடி அல்ல. கிரௌன், ஃபிளின்ட் என்ற இருவகைக் கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று பொருந்தும் வளைவில் தேய்த்துச் சேர்த்தால்தான் விண்மீனைச் சுற்றித் தெரியும் நிறக்கசிவு பெரிதும் குறையும். நான்கு பரப்புகளையும் பொறுமையாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். விலை ஏறுவது அதனால்தான். உடைந்த லென்ஸுக்கு ஈடாகச் சீமாட்டி இன்னொன்று வாங்கித் தரும்போதுதான் இருவருக்கும் நடுவே நன்றியும் கூச்சமும் வந்து உட்காருகின்றன. சுருக்கத்தில் 'அவள் அவனுக்கு உதவினாள்' என்று ஒரு வரி எழுதினால் இதில் எது மிஞ்சும்?

அடுத்து அவள் பெரிய தொலைநோக்கியே வாங்கித் தருகிறாள். அதைத் தாங்கும் அமைப்பில் ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருக்கும். கதை நடக்கும் தென் இங்கிலாந்தில் அந்தச் சாய்வு, ஊரின் அகலாங்குக்குச் சமமாக, ஏறத்தாழ 51 பாகை. சென்னையில் 13 பாகை போதும். சாய்வு சரியாக இருந்தால் அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பி ஒரு விண்மீனை இரவு முழுக்கத் தொடரலாம். தவறினால் விண்மீன் பார்வையைவிட்டு நழுவிக்கொண்டே போகும். கருவி தூணுக்கு வந்தபின் இருவரும் இரவில் சந்திக்க ஊருக்குச் சொல்லக்கூடிய ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது.

நாவலின் பின்பாதி தென்வானத்தை நம்பி நிற்கிறது. 51 பாகை வட அகலாங்கில் இருப்பவருக்கு வான நடுவரைக்கு (பூமியின் நடுக்கோட்டை வானில் நீட்டிய கோட்டுக்கு) 39 பாகைக்கும் தெற்கே உள்ள விண்மீன்கள் ஒருநாளும் உதிக்கா. தொண்ணூறிலிருந்து ஐம்பத்தொன்றைக் கழித்த கணக்குதான். ஆகவே வானியலாளனாக உயர விரும்புபவன் கடல் கடந்தே தீர வேண்டும். இருபத்தைந்து வயதுக்குள் மணம் செய்யாவிட்டால் ஆண்டுக்கு 600 பவுண்டு பணம் என்று அவனுக்கு ஓர் உயில் இருக்கிறது. அவர்கள் இரகசியமாகச் செய்துகொண்ட திருமணமோ, இறந்துவிட்டதாக நம்பிய அவளுடைய முதல் கணவர் அன்று உயிரோடிருந்தது தெரியவந்ததும் செல்லாததாகிறது. அவனுடைய எதிர்காலத்துக்குத் தான் தடையாகக் கூடாதென்று அவளே அவனை அனுப்பிவைக்கிறாள். தான் கருவுற்றிருப்பது அதன் பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. அவனுக்குச் சேதி சொல்ல வழியில்லை. அவள் ஒரு பிஷப்பை மணக்க நேர்கிறது. திருச்சபையை இழிவுபடுத்திவிட்டார் என்று ஹார்டியைச் சிலர் ஏசியது இந்த இடத்துக்காகத்தான். வெறுமனே 'அவன் வேலைக்காக வெளிநாடு சென்றான்' என்று சுருக்கினால் அவள் செய்த தியாகத்துக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

கட்டுரையில் இன்னொன்றையும் திருத்த வேண்டும். இந்த நாவல்களில் வரும் மத நம்பிக்கைக் குழப்பம் முழுவதையும் பரிணாமம் பற்றிய டார்வினின் 1859 நூலிலிருந்து தொடங்குகிறார் கட்டுரையாளர். அதற்கு முன்பே, பூமி மிகத் தொன்மையானது என்று காட்டிய லயலின் நிலவியல் நூல் 1830க்கும் 1833க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வந்துவிட்டது. உயிரினங்கள் அழிந்துபோன கல்லடுக்குகளை நினைத்து ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் கலங்கிய கவிதை வந்தது 1850இல். டார்வினுக்கு ஹார்டியிடம் பெரிய இடம் உண்டு. 1882 ஏப்ரல் 26இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த டார்வினின் அடக்கத்துக்கு ஹார்டி போயிருந்தார். அந்த மே மாதம்தான் இந்த நாவல் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் தொடராகத் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. கதையில் பேசப்படும் வெள்ளி இடைநகர்வும் (வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடப்பது) அதே டிசம்பர் 6ஆம் தேதி வானில் நிகழ்ந்தது. அன்றைய வாசகருக்கு அது நாளிதழ்ச் செய்தி. முந்தைய 1874 இடைநகர்வைப் பற்றிச் சென்னை வானாய்வகத்தின் ரகுநாதாச்சாரி இந்திய மொழிகளில் சிறுநூல் எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் கலைச்சொல் தேடும்போது அதையும் புரட்டிப் பார்க்கலாம்.

பக்கம் போதவில்லை என்றால் கிராமத்தார் கூடிப் பேசும் காட்சிகளில் சிலவற்றைக் குறையுங்கள். எனக்கு அவையும் பிடிக்கும், ஆனாலும் கதை தாங்கும். லென்ஸ் உடைவது, மாறொளி விண்மீன்களை (ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை)ப் பற்றிய தன் கண்டுபிடிப்பை வேறொருவர் ஆறு வாரம் முந்தி வெளியிட்டதை அறிந்து ஸ்விதின் நோயில் விழுவது, வால்மீன் ஒன்று தோன்றிய செய்தி கேட்டு எழுவது, தென்வானத்தின் இருண்ட வெறுமைகளை அவன் பார்ப்பது ஆகிய நான்கு இடங்களிலும் கை வைக்க வேண்டாம். தமிழ்ச் சுருக்கம் தொடராக வந்தால் முதல் பகுதியோடு தொலைநோக்கியின் படம் ஒன்றும் போட்டால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகர்,
நாகர்கோவில்