வேட்பாளரின் மதத்தை முதலில் கேட்பது யார்? கட்சிகளின் தேர்வுக் குழுக்களுக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதுரை, தேனி, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மக்களவைத் தொகுதிகளுக்கு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் எல்லாக் கட்சிகளின் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராக இருந்திருக்கிறேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன். என் பழைய மாணவி ஒருவருக்கு நேர்ந்ததே இந்த மடலுக்குக் காரணம். அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கட்சியில் உழைத்து வருபவர். வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பதில் தொடங்கி, பூத் கமிட்டிப் பொறுப்பு வரை எல்லா வேலையும் செய்தவர். சென்ற மக்களவைத் தேர்தலுக்கு விருப்ப மனு கொடுத்து, தொகுதியைப் பற்றி நாற்பது பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனார். அந்தக் குறிப்பை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. "இந்தப் பேரை வச்சுக்கிட்டு கிராமத்துல ஓட்டுக் கேட்க முடியுமாம்மா?" என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. அவர் கிறிஸ்தவர். கேட்டவர் இகழ்ச்சியாகக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார் என்று அவரே என்னிடம் சொன்னார். அந்த அக்கறைதான் என்னை அதிகம் வருத்தியது.

மக்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது உங்கள் வாதம். அந்த மக்கள் நாங்கள்தான். எங்கள் பெயரால் ஒரு முடிவு எடுக்கப்படும்போது, நாங்கள் உண்மையில் எப்படி வாக்களித்து வந்திருக்கிறோம் என்பதை உங்களுக்கு நினைவூட்டும் உரிமை எங்களுக்கு உண்டு.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று சித்திரைத் திருவிழாவின் தேரோட்டம். மறுநாள் அழகர் வைகையில் இறங்கவிருந்தார். கிறிஸ்தவர்களுக்கு அது பெரிய வியாழன். தேரோட்டத்தை முன்னிட்டு மதுரைத் தொகுதியில் மட்டும் வாக்குப்பதிவு இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. மாசி வீதிகளுக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குப் பணி. முந்தைய நாள் திருக்கல்யாணத்தில் மாற்றிக்கொண்ட புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் மங்காமல் பெண்கள் வந்தார்கள். தேர் வடம் பிடித்த கை சிவந்திருக்க இளைஞர்கள் வந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு, தேவாலயத்திலிருந்து நேராக வந்த குடும்பங்கள் வரிசையின் கடைசியில் நின்றன. யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் எண்ணி முடித்தபோது வென்றவர் ஒரு மார்க்சிஸ்ட் வேட்பாளர். வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆண்டின் மிகப் பெரிய பக்தி நாளில், வேட்பாளர் கோயிலுக்குப் போகிறவரா என்று பார்த்து இந்த ஊர் வாக்களித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கும் முன்பே இந்த ஊர் இதைக் காட்டியிருக்கிறது. 1998இல் சுப்பிரமணியன் சுவாமியை மக்களவைக்கு அனுப்பிய மதுரை, அடுத்த ஆண்டே, 1999இல், மார்க்சிஸ்ட் கட்சியின் பொ. மோகனை அனுப்பியது. கடவுள் நம்பிக்கையிலும் அரசியலிலும் இவர்களைவிட எதிரெதிரான இருவரைக் காண்பது அரிது. ஓராண்டில் மதுரைக்காரர்களின் பக்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருவருமே அந்தந்தத் தேர்தலில் அதிமுக அணியில் நின்றவர்கள் என்பதுதான் இருவருக்கும் பொதுவானது.

தேனிப் பக்கம் வாருங்கள். இந்துக்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் அந்தப் பகுதியில், காங்கிரஸ் கட்சியின் முஸ்லிம் வேட்பாளரான ஜே.எம். ஆரூண் 2004இல் பெரியகுளம் தொகுதியில் வென்றார். அது ஓர் அலை, தமிழகத்தின் 39 தொகுதிகளையும் ஒரே அணி அள்ளிய தேர்தல் என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். ஆனால் அலை எதுவும் இல்லாத 2009இல் அவரே தேனியில் மறுபடி வென்றார். 2014இல் காங்கிரஸ் பெரிய கூட்டணி இல்லாமல் நின்றபோது அதே தேனியில் நான்காம் இடத்துக்குப் போனார். மூன்று தேர்தல்களிலும் அவருடைய மதம் ஒன்றுதான். மாறியது அணி. இராமநாதசுவாமி கோயிலைத் தன்னுள் கொண்ட இராமநாதபுரம் தொகுதி, 2019இலும் 2024இலும் முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனியைத் தேர்ந்தெடுத்தது.

வேட்பாளரின் மதம் வாக்காளரின் மனத்தைத் தொடுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தொடுகிறது, எப்போது தொடுகிறது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு மக்களவைத் தொகுதி என்பது ஆறு சட்டமன்றத் தொகுதிகள்; மதுரையில் மட்டும் 2024 தேர்தலில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவரை நாங்கள் டீக்கடையில் பார்த்துப் பழகியிருப்போம். மக்களவைக்கு நிற்பவரைச் சுவரொட்டியில்தான் முதலில் பார்க்கிறோம். அவர் யார், என்ன செய்தார் என்று ஒன்றும் தெரியாத நிலையில் பெயரும் நெற்றியும் தொப்பியும் சிலுவையும்தான் கண்ணில் படுகின்றன. அவற்றை வைத்து, நம்மைப் புரிந்துகொள்வாரா, நம்மை விட்டுவிடுவாரா என்று மனம் கணக்குப் போடுகிறது. சிறுபான்மை மக்களிடம் இந்தக் கணக்கு இன்னொரு விதம்: நிற்பவர் தம் மதத்தவரா என்பதைக் காட்டிலும், ஊரில் ஒரு பதற்றம் வந்தால் எவர் பக்கத்தில் வந்து நிற்பார் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருப்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். அறிமுகமில்லாத ஒருவரை, வேட்புமனு முடியும் நாளுக்குச் சற்று முன் அறிவித்துவிட்டு, மக்கள் மதம் பார்க்கிறார்கள் என்று நீங்கள் சொல்வது நியாயமாகுமா? பார்ப்பதற்கு வேறு எதையும் நீங்கள் கொடுக்கவில்லையே.

அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. 1928இல் பெரிய கட்சியொன்றின் முதல் கத்தோலிக்க வேட்பாளரான ஆல் ஸ்மித் தோற்ற பின், கத்தோலிக்கர் அதிபராக முடியாது என்று கட்சிப் பெரியவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். 1960இல் ஜான் கென்னடி, கத்தோலிக்கர் மிகச் சிலரே இருந்த மேற்கு வர்ஜீனியாவின் உட்கட்சித் தேர்தலில் நின்று, வீடு வீடாகவும் சுரங்கம் சுரங்கமாகவும் போய் வென்று காட்டிய பிறகுதான் அந்தப் பெரியவர்கள் இறங்கி வந்தார்கள். பொதுத் தேர்தலில் அவருடைய மதத்தை முன்னிட்டு ஒரு பகுதி வாக்குகள் விலகியதும் உண்மை. ஆனாலும் அவர் வென்றார். இடையில் போன 32 ஆண்டுகளில் எத்தனை பேர் முயன்று பார்க்காமலேயே ஒதுக்கப்பட்டிருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

நம் சட்டம் வேட்பாளரின் நம்பிக்கையைப் பொருட்படுத்துவதில்லை. வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழியைக் கடவுளின் பெயராலும் எடுக்கலாம், உளமார உறுதி கூறியும் எடுக்கலாம். வேட்புமனுவோடு இணைக்கும் படிவம் 26 சொத்தையும் வழக்குகளையும் படிப்பையும் கேட்கிறது, மதத்தைக் கேட்பதில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)ஆவது பிரிவில் மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. அது வாக்காளரின் மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதற்கும் பொருந்தும் என்று 2017 ஜனவரி 2ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தச் சட்டத்தின் கை உங்கள் நேர்காணல் அறைக்குள் நீளாது. மேடையில் சொன்னால் தேர்தலே செல்லாமல் போகக்கூடிய ஒன்றை, அறைக்குள் நீங்கள் தகுதியாகவும் தகுதியின்மையாகவும் வைத்திருக்கிறீர்கள்.

2025இல், முருகன் கோயிலும் தர்காவும் உள்ள திருப்பரங்குன்றம் மலையை முன்வைத்து எழுந்த சர்ச்சைக்குப் பிறகு இந்தக் கணக்குகள் இன்னும் கூர்மையாகும் என்று அஞ்சுகிறேன். திருப்பரங்குன்றம், விருதுநகர் மக்களவைத் தொகுதியில் அடங்கியது. அங்கே எந்த மதத்தவரை நிறுத்தினால் யாருக்கு லாபம் என்ற பேச்சு இப்போதே எங்கள் காதில் விழுகிறது. திருப்பரங்குன்றம் இருக்கும் அதே மதுரை மாவட்டத்தில், அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தபோது, 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்தார்கள். பக்கத்தில் நடப்பவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று யாரும் கேட்டுக்கொண்டு வரவில்லை. அந்த மாதமே ஏலம் கைவிடப்பட்டது. எங்களை ஒன்றாக நடக்கவைப்பது எது என்று அறிய விரும்பினால், அந்தச் சாலையில் தேடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. விருப்ப மனுவிலும் நேர்காணலிலும் மதம் பற்றிய கேள்வியை நீக்கிவிடுங்கள். வேட்பாளரைச் சில மாதங்களுக்கு முன்பே அறிவித்து, எங்கள் தெருக்களில் நடக்க விடுங்கள். பிரச்சாரத்தின் முதல் நாளை வழிபாட்டுத் தலத்தின் வாசலில் புகைப்படக்காரர்களோடு தொடங்குவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். வழிபடுவது அவரது உரிமை, அதைச் சுவரொட்டி ஆக்குவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

என் மாணவி 2029க்கும் விருப்ப மனு கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். வைகையில் எந்தெந்த இடத்தில் கழிவுநீர் கலக்கிறது, 2019இல் அடிக்கல் நாட்டிய தோப்பூர் எய்ம்ஸ் பணியில் ஏன் இத்தனை தாமதம் என்பதெல்லாம் அவருடைய குறிப்பில் இருக்கின்றன. இந்த முறை அந்தக் குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு, அதிலிருந்து முதல் கேள்வியைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மதுரைத் தொகுதி வாக்காளன்