இரண்டு இறக்கை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் முதல் உலகப் போர்ச் சண்டை விமானங்கள் பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், அந்த விமானங்களுக்கு மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை இருந்தது ஏன் என்பதை, "எஞ்சினுக்கு வலு போதாததால் இரண்டு இறக்கை வைத்தார்கள்" என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அது பாதி உண்மைதான்.

மரச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, அது விறைக்க 'டோப்' என்ற மெருகுப் பூச்சைப் பூசியதுதான் அன்றைய இறக்கை. மெல்லிய இறக்கையே நன்றாகப் பறக்கும் என்று நம்பிய காலம். மெல்லிய இறக்கைக்குள் கனமான உத்தரம் வைக்க இடமேது? தனியாக நீட்டினால் முறுக்கிக்கொள்ளும். மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, நடுவில் கால் கொடுத்து, குறுக்கே எஃகுக் கம்பியை முறுக்கிக் கட்டினால் ரயில் பாலத்தின் இரும்புச் சட்டகம் போல உறுதியாகிவிடும். எடையும் அதிகமில்லை.

ஒற்றை இறக்கையின் மேல் பயமும் இருந்தது. 1912இல் ஒற்றை இறக்கை விமானங்களுக்குப் பேர்போன பிரெஞ்சு வடிவமைப்பாளர் லூயி பிளேரியோவே தன் விமானத்தின் மேல்பக்கக் கம்பிகளுக்கு இன்னும் வலு வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பிறகு, பிரிட்டிஷ் ராணுவம் ஒற்றை இறக்கை விமானங்களுக்குத் தடையே போட்டது. அடுத்த வருடம் தடை போனது, பயம் போகவில்லை.

அப்புறம், வளைந்து திரும்பும் வேகம். பிரிட்டனின் சண்டை விமானமான சாப்வித் கேமலின் இறக்கைகளுக்கு நுனிக்கு நுனி 28 அடி நீளம், நாலரை அடி அகலம். இரண்டையும் சேர்த்துப் பரப்பு 231 சதுர அடி. இதே அகலத்தில் ஒற்றை இறக்கையாக்கினால் நீளம் 50 அடியைத் தாண்டும். அதை வைத்துக்கொண்டு சட்டென்று புரள முடியுமா?

கம்பிகள் காற்றைத் தடுத்து வேகத்தைத் தின்றன என்பதும் நிஜம். அதற்கு விடையாக 1918இல் வந்தது ஜெர்மனியின் ஃபோக்கர் டி.7. இறக்கை தடிமனானது, உள்ளே ஒட்டுப்பலகை உத்தரம். இரு இறக்கைகளுக்கும் நடுவே கால்கள் உண்டு, குறுக்குக் கம்பி கிடையாது. போர் நிறுத்த ஒப்பந்தத்தில் ஜெர்மனி ஒப்படைக்க வேண்டிய 1,700 விமானங்களில் டி.7 எல்லாமே முதலில் வர வேண்டும் என்று ஜெயித்த நேச நாடுகள் பெயர் சொல்லிக் கேட்டன. அப்பேர்ப்பட்ட விமானத்துக்கு உங்கள் கட்டுரையில் ஒரு படமும் அரை வரிக் குறிப்பும்தானா? அடுத்த இதழிலாவது இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி