பாஸ்போர்ட்டா பாடம் நடத்துகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஒரு பட்டமும் நல்ல ஆங்கிலமும் இருந்தால் போதும் என்றது. தாய்லாந்தில் ஆறு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து திரும்பியவள் நான். போதாது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் பி.எட்.டும் முடித்தவள் நான். விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் முதல் கேள்வி, எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதுதான். ஒரு பள்ளியின் நேர்காணலில் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள், நடத்தினேன், பாராட்டினார்கள். மறுநாள் வந்த மின்னஞ்சலில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரையே பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி. கடைசியில் வேலை கொடுத்த பள்ளியில் எனக்கு மாதம் 22,000 பாட். பக்கத்து வகுப்பில், ஆசிரியர் பயிற்சியே பெறாத இங்கிலாந்து இளைஞருக்கு 35,000. இலக்கணப் பாடம் இருக்கும் நாட்களில் அவர் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போவார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சம்பளப் பட்டியலின்மீது இன்றும் இருக்கிறது.

தாய்லாந்துப் பிள்ளைகள் வாயில் 'ஸ்கூல்' என்பது 'சகூன்' ஆகிவிடும். அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் வரும் 'ல்' 'ன்' என்றே ஒலிக்கும். தொடக்கத்தில் 'ஸ்' உடன் இன்னொரு மெய் சேர்ந்து வந்தால் நடுவே ஓர் அகரம் நுழையும். நாம் முன்னால் ஓர் இகரத்தைப் போட்டு 'இஸ்கூல்' என்போம். தமிழ்வழியில் படித்த நானும் ஏழாம் வகுப்புவரை அப்படித்தான் சொன்னேன். அதனால் நாக்கு எங்கே இடறுகிறது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பலகையில் பாம்பு ஒன்றை வரைந்து, அதன் வால்வரை 'ஸ்' ஒலியை இழுத்து, மூச்சை விடாமல் அடுத்த எழுத்துக்குத் தாவச் சொன்னேன். மூன்றாம் வாரம் கடைசி பெஞ்சுச் சிறுமி 'ஸ்கூல்' என்று சுத்தமாகச் சொல்லிவிட்டு, தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரும் அதை நன்றாகக் கற்பிக்க முடியும் என்பதை ஆய்வுலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான டீசால், இந்தப் பாகுபாட்டைக் கண்டித்து 2006-இல் அறிக்கையே வெளியிட்டது. விசா விதிகள்தான் மாறவில்லை. தென்கொரியா உரையாடல் ஆசிரியர் விசாவை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டவருக்கே பொதுவாகத் தருகிறது. ஜப்பானில் ஆசிரியர் விசாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே படித்திருக்க வேண்டும். அந்த வரியைப் படித்த அன்று, என் ஊர் அரசுப் பள்ளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுபோல் இருந்தது.

இருந்தும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் துணை ஆசிரியராகப் பணியாற்ற இடமுண்டு. நான் சந்தித்த பி.எட். மாணவர்களில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நம் அரசுக்கு, அந்தக் கதவு வழியாக எத்தனை பேர் போனார்கள் என்று கேட்கும் பொறுப்பு இல்லையா?

ஏஜெண்டுகள் விஷயத்தையும் எழுதாமல் விட முடியாது. "டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் பணிக்கான விசாவும் வேலை அனுமதியும் இல்லாமல் வகுப்பில் நிற்பது குற்றம். பிடிபட்டால் மாட்டிக்கொள்வது ஏஜெண்ட் அல்ல, நீங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜெண்டின் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். என் தோழி ஒருத்தி இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு, இரண்டே மாதத்தில் ஊர் திரும்பினாள்.

கொரிய ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவைப் பற்றி, விண்ணப்பிக்கும் முறையோடு தங்கள் இதழ் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை